அடிக்க மட்டும் வருகிறவன்

என் கணவர் முதுகைக் கெடுத்துக்கொண்டு வீட்டில் இருந்த அந்தக் குளிர்காலத்தில், மல்வேர்னில் எங்கள் வீட்டில் மூன்று பேர் குடியிருந்தோம். நான், அவர், கொம்பியூட்டருக்குள் இருந்த ஒரு கிழட்டு பேஸ்போல்காரன். மூன்றாவது ஆளுக்குச் சோறு போட வேண்டியிருக்கவில்லை. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

வெயார்ஹவுஸில் பெட்டி தூக்கும்போது முதுகில் பிடித்த பிடி அது. நடக்கலாம், இருக்கலாம், இனிமேல் பாரம் தூக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து தூக்கித் தூக்கியே எங்களைக் கரை சேர்த்த மனிதர். இரண்டு பேர் பிடிக்கிற பெட்டியைத் தனி ஆளாகத் தூக்குவார் என்று அவருடைய கூட்டாளிகள் கலியாண வீடுகளில் என்னிடம் வந்து சொல்லுவார்கள். அவரும் பக்கத்தில் நின்று, ‘சும்மா இரடா’ என்று சிரித்தபடி கேட்டுக்கொண்டு நிற்பார்.

டொக்டரின் முடிவு தெரிந்ததும் சுப்பவைசர் போன் எடுத்தான். லைற் டியூட்டி தருகிறேன், பெல்ற்றுக்குப் பக்கத்தில் கதிரையில் குந்தியபடி அதில் வருகிற பெட்டிகளை ஸ்கான் பண்ணினால் போதும், மாத முடிவுக்குள் ஓம் என்று சொல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட வேண்டிவரும் என்றான். நல்ல மனிதன். இப்படிக் கேட்பதற்கே ஆளில்லாத இடங்களை எனக்குத் தெரியும். நான் அன்று மத்தியானமே பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துவிட்டேன். இவர் மட்டும் ‘யோசிக்கிறன்’ என்றார். அடுத்த நாளும் அதையே சொன்னார். அடுத்த கிழமையும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார்.

அவர் என்ன யோசிக்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கதிரையில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். மட்டக்களப்புக்காரர், தோள்மூட்டுப் போனவர். அவருக்குக் ‘கதிரைத்துரை’ என்று பட்டம் வைத்தது வேறு யாருமில்லை, என் கணவர்தான். வெயார்ஹவுஸ் முழுக்க அந்தப் பெயர் நின்றுவிட்டது. அதை வீட்டுக்கு வந்து சொல்லி விழுந்து விழுந்து சிரித்ததும் இவர்தான். இப்போது அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரையைப் போட்டு இவரையே கூப்பிடுகிறார்கள். எப்படிப் போவார்?

போகவில்லை. அதற்குப் பதிலாகக் கொம்பியூட்டரைத் திறந்தார்.

அந்த லீக்கைத் தொடங்கியது என் அண்ணை. எட்டு வீட்டு ஆம்பிளைகள், ஆளுக்கொரு பேஸ்போல் ரீம். நிஜ ஆட்டக்காரர் ஒருவரும் இல்லை. எல்லாரும் கொம்பியூட்டர் உண்டாக்கிய ஆட்கள். ஒவ்வொருத்தனுக்கும் அடிக்க இத்தனை, ஓட இத்தனை, பிடிக்க இத்தனை என்று புள்ளிகள் இருக்கும். இவர்கள் யார் முதலில் அடிக்க வருவது, யார் எறிவது, எப்போது மாற்றுவது என்றெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். பின்னேரம் ஏழு மணிக்கு அது தானே விளையாடி முடித்து முடிவை வாட்ஸ்அப்புக்கு அனுப்பும். ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் யாரும் இவரோடு கதைக்கக் கூடாது.

“இல்லாத ஆக்கள் இல்லாத மைதானத்திலை விளையாடுகினம், அதுக்கு நீங்கள் கத்துறியள்” என்று நான் ஒருநாள் சொன்னேன்.

“நீர் நாடகம் பாக்கேக்கை அழுறீர்தானே, அந்த ஆக்கள் இருக்கினமோ?” என்றார்.

இவருடைய ரீமில் ஒரு கிழவன் இருந்தான். முழங்கால் போனவன். ஓட்டத்தில் அவனுக்குக் கீழே ஒருத்தரும் இல்லை, பிடிக்கவும் தெரியாது. ஆனால் துடுப்பு அவன் கையில் இருந்தால் பந்து வேலிக்கு வெளியே. இவர் அவனுடைய பெயரைச் சொல்லமாட்டார், ‘எங்கடை ஆள்’ என்றுதான் சொல்லுவார். ‘எங்கடை ஆள் இண்டைக்கு ரெண்டு அடிச்சவன்.’ ‘எங்கடை ஆளுக்கு இண்டைக்குச் சரியில்லை, பாவம்.’ எனக்கு என்றைக்காவது இப்படிப் பாவம் பார்த்திருப்பாரா?

பிடிக்கத் தெரியாதவனுக்கு அணியில் என்ன வேலை என்று நான் கேட்டபோது விளக்கிச் சொன்னார். பேஸ்போலில் பந்து எறிகிறவன் அநேகமாக அடிக்கத் தெரியாதவன். அதனால் அவனுடைய முறை வரும்போது அவனுக்குப் பதிலாக அடிப்பதற்கென்றே ஒருத்தனை வைத்துக்கொள்ளலாம். அவன் அடிப்பான், திரும்பிப்போய்க் குந்துவான். மற்றவர்கள் வெயிலில் நின்று பிடிக்கும்போது அவன் நிழலில் இருப்பான். டிஎச் என்று சொல்லுவார்கள். நிஜ ஆட்டத்தில் இப்போது எல்லா இடமும் இதுதான் விதி. இவர்களுடைய லீக்கில் அது ஒரு பெட்டியில் சரி போடுகிற விஷயம். சரியை எடுத்துவிட்டால் எங்கடை ஆளுக்கு லீக்கில் இடமே இல்லை.

அண்ணைக்கு அந்தச் சரியை எடுக்க வேண்டும் என்று விசர் பிடித்தது. காரணம், ஓட்டங்கள் கூடிவிட்டன. ஆட்டம் முடிந்தால் ஒருத்தன் பதினொன்று, மற்றவன் ஒன்பது. “உது பேஸ்போலோ, கலியாண வீட்டுப் பந்தியோ?” என்று வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார். “கிரிக்கெட்டிலை போலரும் துடுப்போடை வரத்தானே வேணும்? தனிய அடிக்கிறதுக்கெண்டு ஒருத்தனை வைச்சிருந்தா ஓட்டம் கூடாமல் என்ன செய்யும்? ஞாயிற்றுக்கிழமை வோட் எடுப்பம்.” அண்ணை பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் கப்டனாக இருந்தவர். இந்த எட்டுப் பேரும் பந்து எறிகிறவனைப் போலர் என்றுதான் சொல்லுவார்கள். பேஸ்போல்காரர் கேட்டால் சிரிப்பார்கள்.

அந்தக் குரலைக் கேட்டபோது இவருடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெயார்ஹவுஸிலிருந்து போன் வந்த அன்றுகூட அப்படி இருண்டு போகவில்லை. “அவனை வெளியிலை போடப் போறாங்கள்” என்றார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. மாத முடிவுக்கு இன்னும் சில நாட்கள்தான். இவரையும்தான் வெளியில் போடப் போகிறார்கள். அதற்கு ஒரு சொல் இல்லை.

அன்றிலிருந்து அவர் ஒரு வேலை செய்யத் தொடங்கினார். தங்களுடைய லீக்கை அப்படியே இன்னொரு பிரதி எடுத்துக்கொண்டு, ஒரு முழு சீசனை டிஎச் வைத்து ஓடவிட்டார். பிறகு அதே ஆட்கள், அதே ஆட்டங்கள், டிஎச் இல்லாமல். ஒரு தரம் ஓடவிட்டால் நம்ப முடியாதாம், அதிர்ஷ்டமும் கலந்திருக்குமாம். திரும்பத் திரும்ப ஓடவிட்டார். நான் வேலைக்குப் போகும்போது ஒரு சீசன், வந்து தேத்தண்ணி போடும்போது ஒரு சீசன். முதுகுக்குப் பின்னால் தலையணை, இடுப்பில் சுடுதண்ணிப் பை. வெயார்ஹவுஸுக்குப் போகாத மனிதர் இதற்கு ஒருநாள் லீவு எடுக்கவில்லை.

வியாழக்கிழமை நான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றும்போதே கூப்பிட்டார்.

“இஞ்சை வாரும். பாரும் இதை. டிஎச்சை எடுத்தா ஓட்டம் குறையுது, அது உண்மை. ஆனா உம்மடை அண்ணை சொல்லுற மாதிரி இல்லை. ஒரு ரீமுக்கு ஒரு ஆட்டத்திலை ஒரு ஓட்டம்கூட வித்தியாசம் வரேல்லை. அவனை எடுத்தாலும் ஒன்பது, பத்து எண்டுதான் போகுது.”

“அப்ப உங்கடை ஆளாலை ஒரு பிரயோசனமும் இல்லையெண்டு நீங்களே கண்டுபிடிச்சிட்டியள். கெட்டித்தனம்.”

“விசர்க்கதை கதையாதையும்” என்று கையைப் பிடித்து இருத்தினார். “அவன் தானே அடிச்சு எடுக்கிற ஓட்டம் கொஞ்சம்தான். ஆனா அவனுக்கு முன்னாலை அடிச்சுப்போட்டு ரெண்டு பேர் ஓட்டத்தை முடிக்காமல் பாதி வழியிலை நிப்பாங்கள். அந்த நேரம் போலர் வந்து அவுட் ஆனா அவங்கள் நிண்ட இடத்திலை நிக்கவேண்டியதுதான். எங்கடை ஆள் வந்தா அவங்களைக் கொண்டுவந்து சேர்ப்பான். மற்றவன் பட்ட பாடு வீணாப் போகாது. அதுதான் அவன்ரை வேலை.”

இதைச் சொல்லும்போது அவருடைய குரல் கொஞ்சம் உடைந்தது. நான் அதை மனதில் மட்டும் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சி நின்றது. அடிக்கிறவன் காரணமில்லையென்றால் ஓட்டம் ஏன் இப்படிக் குவிகிறது? அவர் ஒரு ஆட்டத்தைத் திறந்து ஒவ்வொரு பந்தாக வாசித்துக்கொண்டு போனார். நானும் அருகில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தேன். எதிரணி மூன்று முறை அடிக்க வந்தும் ஒரு ஓட்டமும் இல்லை. நாலாவது முறை வரும்போது அடி தொடங்கிவிட்டது.

“முதல் எறிஞ்சவன் எங்கை? நல்லாத்தானே எறிஞ்சவன்” என்றேன்.

“முதல் ஸ்பெல் முடிஞ்சுது. தொடர்ந்து போட்டா களைச்சுப்போவான். கொஞ்சம் ஆறவிட்டுப்போட்டுக் கடைசியிலை திரும்பக் கொண்டுவருவம். உம்மடை அண்ணை எல்லாற்றை ரீமுக்கும் அப்பிடித்தான் போட்டு வைச்சிருக்கிறார்.”

“சரி, எப்ப வந்தவன்?”

கீழே இறக்கினார். வரவில்லை. இன்னொரு ஆட்டத்தைத் திறந்தார். அதிலும் வரவில்லை. மற்ற ரீம்களுடைய ஆட்டங்களையும் திறந்தார். திறக்கத் திறக்க அவருடைய கண் பெரிதாகிக்கொண்டு போனது. பிறகு ஆட்ட விதிகளைத் தேடி வாசித்தார். வாசித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சிரித்தால் முதுகு வலிக்கும். “ஐயோ, அம்மா, ஐயோ” என்று மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டில் அப்படிச் சிரிப்புக் கேட்டு எத்தனை நாளாகியிருந்தது! எனக்கு என்ன விஷயம் என்று தெரியாமலே நானும் சிரித்தேன்.

விஷயம் இதுதான். பேஸ்போலில் ஒருத்தனை வெளியே எடுத்தால் எடுத்ததுதான், அன்றைக்கு அவன் திரும்ப வரமுடியாது. கிரிக்கெட்டில் நல்ல போலரை முதலில் கொஞ்சம் போடவிட்டு, ஆறவிட்டு, கடைசியில் திரும்பக் கொண்டுவருவார்கள். எட்டு வீட்டு ஆம்பிளைகளும் அந்த நினைப்பில் ஒவ்வொரு ஆட்டத்திலும் தங்கள் நல்ல எறிகாரனை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பக் கூப்பிடு என்று எழுதி வைத்ததைக் கொம்பியூட்டர் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு, மிச்ச நேரம் முழுக்க எறியத் தெரியாதவர்களை எறியவிட்டிருக்கிறது. ஓட்டம் குவியாமல் என்ன செய்யும்? பழி மட்டும் எங்கடை ஆளின் தலையில். இந்த ஊர் ரீமின் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு ரிவிக்கு முன்னால் எத்தனை ஆட்டம் பார்த்த கூட்டம் இது! ஒருத்தராவது கவனித்தார்களா?

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இவருக்குக் காரில் கனநேரம் இருக்க முடியாது, அதனால் கூட்டம் எங்கள் வீட்டில்தான். வாசல் முழுக்கப் பனிச் சப்பாத்து. நான் புட்டும் இறைச்சிக் கறியும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும் வைத்திருந்தேன். சாப்பிடுவதற்கு முன்னம் வோட் என்றார் அண்ணை. “கொஞ்சம் பொறுங்கோ” என்று இவர் கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தார். இல்லை, நான் தூக்கிக்கொண்டு வந்து வைத்தேன். அவர் பக்கத்தில் நின்றார்.

எல்லாவற்றையும் காட்டினார். டிஎச் இருந்தால் இவ்வளவு, இல்லாவிட்டால் இவ்வளவு, வித்தியாசம் இவ்வளவுதான். பிறகு எறிகாரன் கதை. அண்ணையின் முகம் சிவந்தது. ஒரு நிமிஷம் சண்டை வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு, “அட கோதாரி! போலரைத் திரும்பக் கூப்பிடேலாதெண்டா பிறகென்ன விளையாட்டடா உது?” என்று கத்தினார். வீடு இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தார்கள். அந்த இடத்திலேயே எறிகாரனை மாற்றுகிற கட்டளையை அழித்தார்கள். டிஎச் அப்படியே இருக்கட்டும் என்று எல்லாக் கையும் உயர்ந்தது. இவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம்.

அதோடு நின்றிருக்கலாம். புட்டுக்குக் கை கழுவிக்கொண்டு வந்த ஒருவர் சும்மா பகிடிக்குச் சொன்னார். “எண்டாலும் மச்சான், பிடிக்க வராமல் அடிக்க மட்டும் வாறவன் அரை ஆள்தானே.”

இவர் திரும்பினார். “அரை ஆளோ? ஆர் அரை ஆள்? அவனாலை ஏலாததை அவன் செய்யேல்லை. ஏலுமானதை முழுசாச் செய்யிறான். அவன் அங்கை நிக்கிறபடியாத்தான் மற்ற எட்டுப் பேற்றை உழைப்பும் வந்து சேருது. இருந்துகொண்டு செய்தா என்ன, நிண்டுகொண்டு செய்தா என்ன? அவனை அரை ஆளெண்டு சொல்லுறவனுக்கு விளையாட்டுத் தெரியாது!”

நான் குழம்புச் சட்டியை மேசையில் வைத்தேன். கொஞ்சம் பலமாகத்தான் வைத்தேன்.

“அப்ப நீங்கள்?” என்றேன்.

“என்ன நான்?” என்றார்.

“அந்தக் கிழவன் கதிரையிலை இருந்தா முழு ஆள். நீங்கள் கதிரையிலை இருந்தா அரை ஆளோ? மாதம் முடியப் போகுது. அவங்கள் எத்தினை நாளைக்குப் பாத்துக்கொண்டு இருப்பாங்கள்?”

“பிள்ளை, சும்மா இரு, சாப்பாட்டு நேரத்திலை” என்றார் அண்ணை.

“நீங்கள் சும்மா இருங்கோ அண்ணை. நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்திலை ஆளைக் கட்டிலாலை தூக்கிறதுக்கு மெசின் இருக்கு. ரெண்டு பேர் இல்லாமல் அதைத் தொடக் கூடாது. ஒருத்தி ஆளைப் பிடிப்பாள், மற்றவள் பொத்தானை அமத்துவாள். எங்களோடை ஒரு பிலிப்பைன்ஸ்காரி, கையாலை பாரம் பிடிக்க ஏலாதவள், அவள் பொத்தான் மட்டும்தான். அவள் வரேல்லையெண்டா நான் எவ்வளவு பலசாலியா இருந்தும் தூக்கவேண்டிய கிழவி கட்டிலிலைதான் கிடக்கவேணும். நான் ஒருநாளும் அவளை அரை ஆளெண்டு நினைக்கேல்லை. நினைச்சா என்ரை நாக்கு அழுகும்.”

இவர் யாரையும் பார்க்காமல் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வந்தவர்கள் தலை குனிந்தபடி புட்டைச் சாப்பிட்டார்கள். கறி நன்றாக இருக்கிறது என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

எல்லாரும் போன பிறகு நான் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். அவர் வந்து பின்னால் நின்றார்.

“அத்தினை பேருக்கு முன்னாலை உப்பிடிக் கேக்கலாமோ?”

“தனியக் கேட்டா நீங்கள் கொம்பியூட்டரைத் திறப்பியள்.”

அவர் ஒரு துணியை எடுத்துக் கோப்பை துடைக்கத் தொடங்கினார். நாலைந்து கோப்பை துடைத்த பிறகு சொன்னார்.

“கதிரைத்துரை எண்டு அவனுக்குப் பட்டம் வைச்சது நான்தான்.”

“தெரியும்.”

“அவன் இப்பவும் அங்கைதான் இருக்கிறான்.”

“அப்ப போய் அவனுக்குப் பக்கத்திலை இருங்கோ.”

அவர் கோப்பைகளை அடுக்கிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை. சுப்பவைசரோடு இங்கிலீசில் கதைப்பது எனக்குக் கேட்டது. நான் தண்ணிக் குழாயை மெல்ல மூடினேன்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், பஸ் தரிப்புவரை நானும் போனேன். “நான் என்ன பாலர் வகுப்புக்கோ போறன்?” என்று சினந்தார். ஆனாலும் போ என்று சொல்லவில்லை. அன்று முழுக்க இல்லத்தில் என் மனம் என்னிடம் இல்லை. என்ன பட்டம் வைத்திருப்பார்கள், யார் சிரித்திருப்பார்கள், இவர் கோபித்துக்கொண்டு இடையில் எழும்பி வந்துவிடுவாரோ என்று ஒரே நினைப்பு.

பின்னேரம் கதவைத் திறந்து வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் படியிலேயே இருந்துவிட்டார். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை.

“என்ன, ஏதும் பேர் வைச்சிட்டாங்களோ?” என்று கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டினார். கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

“அந்தக் கதிரை இரும்புக் கதிரை. நான் போய் இருந்து கொஞ்ச நேரத்திலை முதுகு தெறிக்கத் தொடங்கிட்டுது. பக்கத்துக் கதிரையிலை அவன் பாத்துக்கொண்டிருந்தவன். ஒண்டும் கேக்கேல்லை. தன்ரை குசனை எடுத்து எனக்குப் பின்னாலை வைச்சுப்போட்டு வெறுங்கதிரையிலை இருந்தவன். நாள் முழுக்க.”

அவருடைய வாய் கோணியது. கலியாணம் கட்டி இத்தனை காலத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. நான் பக்கத்தில் படியில் இருந்து அவருடைய சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தேன். என் கண்ணும் நிரம்பிவிட்டது. குனிந்திருந்ததால் அவருக்குத் தெரியவில்லை.

உள்ளே மேசையில் ஏழு மணிக்குக் கொம்பியூட்டர் சத்தம் போட்டது. அவர் எழும்பவில்லை.

“இஞ்சரும்” என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டு. “நாளைக்கு ரெண்டு பேருக்குச் சோறு கட்டும். குசனொண்டும் வாங்கவேணும்.”